அடித்த வரியும் தெரிய வேண்டும்

"என்னம்மா இது, கோடு கோடா போட்டு அடிச்சு அனுப்பியிருக்காங்க? உங்கக்கா ஃபெயிலா?"

அப்பா இப்படிக் கேட்டபோது மணி எட்டு பத்து. அக்காவின் விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. கெடு முடிந்து பத்து நிமிடம்.

"யாரும் அடிக்கலப்பா. நாம அனுப்பினதோட காப்பி அது, அவங்க திருப்பி அனுப்பி வைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே பொடிசு கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். தெருக்கோடியில் வரும் வண்டியின் நம்பரைச் சொல்லிவிடுவார். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற எழுத்துதான் பிடிபடாது. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்வரை தள்ளி, கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை, கோடு தெரிந்தது. இரண்டு மணி நேரமாக எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்த பொடிசுக்குப் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

'வேதியியலில் ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள்?' என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அதற்கு அக்காவின் இரண்டு பக்கப் பதில் திரையில் நின்றது. 'சிறு வயதிலிருந்தே எனக்கு வேதியியலில் தணியாத ஆர்வம் உண்டு' என்பது முதல் வரி. அதன் வயிற்றில் ஒரு நேர்க்கோடு. பக்கத்திலேயே, பளிச்சென்று, 'காரணம்: பொய். சின்ன வயசுல எனக்கு ஆர்வம் இருந்தது தூக்கத்துல மட்டும்தான்.' அதற்கும் பக்கத்தில் தேதி.

அவ்வளவையும் டைப் அடித்தது பொடிசுதான். காற்புள்ளி முதற்கொண்டு.

"அப்பா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "நான் அக்காவைக் கவுத்துட்டேன்பா."

இப்படி ஒரு கூத்து வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

அக்காவுக்குப் பெயிண்ட் ஃபேக்டரியில் சோதனைக்கூட வேலை. சேர்ந்து மூன்று வருடம். ஒவ்வொரு கலவையும் டின்னில் அடைபடும் முன் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். எவ்வளவு கெட்டி, எத்தனை மணி நேரத்தில் காய்கிறது, காய்ந்ததை நகத்தால் கீறினால் பெயர்கிறதா என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் கிடையாது, வெள்ளை மை கிடையாது, தாளைக் கிழித்தால் வேலையே கிடையாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் என்ன இருந்தது என்று எவரும் படிக்கிற மாதிரி. பக்கத்தில் ஏன் அடித்தோம் என்ற காரணம், தேதி, சுருக்கக் கையெழுத்து.

வேலையிடத்துச் சட்டம் வேலையிடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்கா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். கடைக்குக் கொடுக்கிற சீட்டில்கூட 'சோப்பு இரண்டு' என்பதைக் கோடு போட்டு அடித்து, 'சோப்பு மூன்று, காரணம்: அப்பா' என்று எழுதித் தேதி போடுவாள்.

"இந்தச் சீட்டை நீட்டினா கடைக்காரர் ஏதோ கோர்ட்டு நோட்டீஸ்னு பதறுறார்டி" என்பாள் அம்மா.

பொடிசுக்கு வயது பதினாறு. போன வருடம் பள்ளி பிராக்டிகல் நோட்டில் ஒரு எண்ணின் மேல் வெள்ளை மை பூசிவிட்டு, அக்காவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஏய் பொடிசு, எட்டு புள்ளி நாலுன்னு வந்துதா? அப்போ எட்டு புள்ளி நாலுதான். பூசி மெழுகுற வேலையெல்லாம் வேண்டாம். கோடு போடு, காரணம் எழுது."

"மிஸ்ஸு அசிங்கமா இருக்குன்னு மார்க்கு குறைப்பாங்கக்கா."

"குறைக்கட்டும். நாளைக்கு அந்தத் தப்புதான் சரின்னு தெரிஞ்சா அப்போ எங்க போய்த் தேடுவே? பூசின மைக்கு அடியிலயா?"

அன்றிலிருந்து பொடிசும் அந்தக் கட்சிக்கு மாறிவிட்டாள். வீட்டில் வெள்ளை மை பாட்டில் காய்ந்து கல்லாகிப் போனது.

அக்கா மேலே படிக்க ஆசைப்பட்டதற்குக் காரணமும் ஒரு வெள்ளைதான், ஆனால் மை அல்ல, பெயிண்ட். ஃபேக்டரியில் ஒவ்வொரு கலவையையும் சின்ன அட்டையில் பூசி டிராயரில் போட்டு வைப்பார்கள். ஒரு வெள்ளை மட்டும் டிராயர் இருட்டில் கிடந்து கிடந்து பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. அதை ஜன்னலோரம் வைத்தாள். சில நாளில் பழையபடி வெளுத்துவிட்டது. மறுபடி டிராயரில் போட்டாள், மறுபடி மஞ்சள்.

மேனேஜரிடம் கொண்டு போய்க் காட்டினாள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா. வெளிச்சத்துல வை, சரியாயிடும்" என்றார் அவர்.

"சரியாகுது சார். எப்படிச் சரியாகுதுன்னுதான் தெரிஞ்சுக்கணும்."

"அதுக்கு நமக்குச் சம்பளம் கொடுக்கலியே."

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை மூன்று பேரிடமும் சொன்னாள். அப்புறம் வீட்டு அலமாரியில் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று, ஜன்னலில் ஒன்று என்று அட்டைகள் முளைத்தன. அம்மா சலவைக் கடையில் துணி வாங்கிக் கறை பார்க்கிற வேலையில் இருப்பவள். "மூடி வெச்ச வெள்ளைத் துணியும்தான் மஞ்சளாகும், இதுல என்ன அதிசயத்தைக் கண்டுட்டே?" என்றாள். "அது வேறம்மா, இது வேற" என்று அக்கா ஆரம்பித்தால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். எண்ணெய், காற்று, வெளிச்சம், எதுவோ எதோடோ சேர்ந்து நிறமாகிறது, வெளிச்சம் பட்டால் அது உடைகிறது. ஆனால் எது, எதோடு? அங்கே வந்ததும் அவள் கை சாப்பாட்டுத் தட்டின் மேலேயே நின்றுவிடும்.

அதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற பேராசிரியை ஒருவர் இருந்தார், விமானம் ஏறிப் போகிற தூரத்தில். வருடத்துக்கு ஒரு மாணவரைத்தான் எடுப்பார். ஐந்து வருடப் படிப்பு.

முதல் வருடம் அக்கா ஃபாரம் முழுவதையும் நிரப்பினாள். சிபாரிசுக் கடிதம் மூன்றும் வாங்கியாயிற்று. கடைசிப் பொத்தான் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "தலை வலிக்குது" என்று கம்ப்யூட்டரை மூடினாள். இரண்டாம் வருடம், "நெட்டு போயிடுச்சு" என்றாள். அடுத்த அறையில் அதே நெட்டில் பொடிசு சினிமா பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் பேராசிரியையிடமிருந்தே ஒரு வரி வந்திருந்தது. இனிமேல் புது மாணவர்களை எடுக்கப் போவதில்லை, இதுதான் கடைசி இடம்.

இன்று காலை அக்கா பொடிசின் கையில் நான்கு தாள்களைத் திணித்தாள்.

"என் கை அமுக்காதுடி. ரெண்டு வருஷமா பாத்துட்டேன், அந்த எடத்துக்கு வந்தா விரல் மரத்துப் போகுது. நீ அமுக்கு. எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு, பத்து மணிக்குத்தான் விடுவாங்க. எட்டுக்குள்ள அனுப்பிடணும்."

"சந்தேகம் வந்தா?"

"வராது. எல்லாம் எழுதியிருக்கேன்."

எழுதித்தான் இருந்தாள். முதல் தாளின் தலைப்பில், சிவப்பில்: 'இதில் இருக்கிறபடியே டைப் செய். ஒரு எழுத்துகூட மாற்றாதே.'

பொடிசு பள்ளியிலிருந்து வந்து, முகம் கழுவி, தலையைப் பின்னி, ஏதோ பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே கோடு. ஒரு கணம் யோசித்தாள். அடித்ததை விட்டுவிடுவதா? ஆனால் இருக்கிறபடியே என்றால் இருக்கிறபடியேதான். அடித்ததும் தெரிய வேண்டும் என்பது வேதவாக்கு. கம்ப்யூட்டரில் எழுத்தின் நடுவே கோடு போடுவது எப்படி என்று தேடிக் கண்டுபிடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

'கல்லூரியில் எப்போதும் முதலிடம் பெற்றேன்.' கோடு. காரணம்: ஒரு தடவைதான், அன்னைக்கு ரெண்டு பேர் வரலை.

'எனது மேலாளருக்கு அறிவியல் ஆர்வம் கிடையாது.' கோடு. காரணம்: புறணி.

'உலகத்துக்கே பயன்படும் கண்டுபிடிப்பைச் செய்வேன் என உறுதி கூறுகிறேன்.' கோடு. காரணம்: பீத்தல்.

இப்படியே தட்டிக்கொண்டு வந்தவள் இரண்டாம் பக்கத்துக் கடைசியில் நின்றாள். அங்கே அடித்திருந்த வரி இது: 'எனக்குப் பதினாறு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். நான் போய்விட்டால் அவள் கேட்கிற கேள்விகளுக்கு யார் பதில் சொல்வார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் ஃபாரத்தை மூடிவிடுகிறேன்.'

காரணம்: இது இருந்தா நான் கிளம்ப மாட்டேன்.

பொடிசு அதை நான்கு தடவை படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்த டம்ளரைக் கழுவி, கழுவியதை இன்னொரு தடவை கழுவினாள். திரும்பி வந்து அந்த வரியையும் டைப் அடித்தாள், கோடு போட்டாள், காரணத்தையும் தேதியையும் சேர்த்தாள். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பொத்தானை அமுக்கினாள்.

இப்போது மணி எட்டு பதினைந்து. விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால், ஒருமுறை அனுப்பியதை மாற்ற இயலாது என்று ஒரே ஒரு வரி, பெட்டிக்குள் கட்டம் கட்டிப் பல்லிளித்தது. பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் போட்டாள். காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடச் சொல்லி மெஷின் பேசியது. பொடிசு மெஷினிடமே, "ஒரு நிமிஷம், வெச்சிடாதீங்க" என்றாள். வைத்துவிட்டது.

அக்காவின் போன் ஃபேக்டரி வாசலில் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். பெயிண்ட் கரைக்கிற தின்னரின் ஆவி அடிக்கிற இடத்துக்குள் போன் கொண்டு போக விட மாட்டார்கள். வாசல் நம்பர் மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

"செக்யூரிட்டி."

"அண்ணே, லேப்ல எங்கக்கா இருக்காங்க. கொஞ்சம் அவசரமா பேசணும்."

"ஷிஃப்ட்டு நேரத்துல ஆளைக் கூப்பிடணும்னா ரெண்டே காரணம்தான். வீட்டுல யாருக்காச்சும் உயிருக்கு ஆபத்தா?"

"இல்லண்ணே."

"தீ கீ பிடிச்சிருச்சா?"

"இல்ல... நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாருக்கு, உங்கக்காவுக்கா?"

"ஆமா."

"அவங்களுக்கு இன்னும் தெரியாது?"

"தெரியாது."

"அப்போ பத்து மணி வரைக்கும் அவங்க நிம்மதியா இருக்கட்டும், விடு. நீயும் அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடு. வெறும் வயித்துல திட்டு வாங்கினா ஒத்துக்காது."

அப்பா பக்கத்திலேயே நின்றார். வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நான் வேணா ஃபேக்டரி வாசல்ல போய் நிக்கட்டுமா?"

"நின்னு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சும்மா நிப்பேன்."

"வேண்டாம்பா."

"சரி. அப்போ இங்கேயே நிக்கிறேன்" என்று அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அம்மா கடை அடைத்துவிட்டு எட்டே முக்காலுக்கு வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். "யாரு என்ன உடைச்சீங்க?" என்றாள். பொடிசு சொல்லச் சொல்ல அழுகை முந்திக்கொண்டது. பாதியை அப்பா சொன்னார், தப்பும் தவறுமாக. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கடையில் துணியை விரித்துக் கறை தேடுகிற அதே விரலைத் திரையின் மேல் ஓட்டினாள். அடிக்காத வரிகளையெல்லாம் தாண்டிப் போய், கோடு விழுந்த வரிகளில் மட்டும் விரல் நின்றது.

"நல்லா இருக்கறதையும் படிம்மா" என்றாள் பொடிசு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதெல்லாம் ஊருக்கு எழுதினது. இருடி."

விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. 'என் முடிவுக்கு வீட்டில் அனைவரும் முழு மனதோடு சம்மதித்தார்கள்.' கோடு. காரணம்: அம்மா சம்மதிச்சா. மனசைப் பத்தி நான் கேக்கலை.

அப்பா கண்ணாடி இல்லாமலே எல்லாம் புரிந்தவர் மாதிரி கூரையைப் பார்த்தார்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள் அம்மா.

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பே?"

"போகாதேன்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான் கேக்காம விட்டிருக்கா. விவரமான கழுதை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வாரம் அவளுக்கு முதல் ஷிஃப்ட்டு, தெரியுமா உனக்கு? யார்கிட்டயோ கெஞ்சி மாத்தி வாங்கிக்கிட்டுப் போயிருக்கா. நீ அமுக்குற நேரத்துல இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு ஓடியிருக்கா."

பொடிசுக்கு இது புதுச் செய்தி. அக்கா பயந்து ஓடுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. கரப்பான் பூச்சியைக் கையால் பிடித்து வெளியே விடுகிறவள் அக்கா.

"வந்ததும் நீயே சொல்லிடு" என்றாள் அம்மா. "சுத்தி வளைக்காதே. நானும் சொல்ல மாட்டேன், உங்கப்பாவையும் சொல்ல விட மாட்டேன்."

"நான் எங்க சொல்லப் போறேன்?" என்றார் அப்பா.

"நீங்க வாயைத் திறக்க வேண்டாம், உங்க முழியே போதும்."

பத்து இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. அக்காவுக்கு முன்னால் தின்னர் வாசனை உள்ளே வந்தது.

"அமுக்கிட்டியா?" என்றாள் வாசலில் நின்றபடியே.

"அமுக்கிட்டேன்."

"நெஜமா?"

"ஏழு அம்பத்திரெண்டுக்கு."

அக்கா அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா" என்றாள். மறுபடி "அப்பாடா" என்றாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. "என் பட்டுக்குட்டி, என் தங்கக்கட்டி! ரெண்டு வருஷமா என்னால ஆகாததை ரெண்டு செகண்டுல முடிச்சிட்டியே! இங்க வா."

பொடிசு போகவில்லை. அப்பா சட்டென்று திரும்பி, ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மூடப் போனார்.

"என்னடி?"

"அக்கா, நீ இருக்கறபடியே டைப் பண்ணச் சொன்னேல்ல?"

"ஆமா."

"இருக்கறபடியே பண்ணிட்டேன்."

"அதுக்கென்ன?"

"கோட்டோட."

அக்காவுக்குப் புரியச் சில நொடி பிடித்தது. எழுந்து செருப்புக் காலோடு கம்ப்யூட்டருக்குப் போனாள். பொடிசு பின்னாலேயே போய், எட்டாத தூரமாகப் பார்த்து நின்றுகொண்டாள். முதல் வரியைப் படித்ததும் அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பொடிசுக்கு உயிர் போயிற்று. அக்கா திரும்பினாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"காரணத்தையுமாடி அடிச்சிருக்கே? 'பீத்தல்'! அம்மா, பல்கலைக்கழகத்துக்குப் 'பீத்தல்'னு போயிருக்கும்மா!"

"தேதியும் போட்டிருக்கேன்" என்றாள் பொடிசு ஈனக்குரலில். "உன் கையெழுத்து மட்டும் போடத் தெரியலை. அதனால 'கையெழுத்து'ன்னு எழுதிட்டேன்."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெரிய மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. அம்மாவைப் பற்றிய வரியில் ஒரு தடவை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"படிச்சிட்டேன்" என்றாள் அம்மா. "போயிட்டு வா. மனசோடதான் சொல்றேன். முழு மனசு, முக்கால் மனசுன்னு என்கிட்ட அளவு கேக்காதே."

அக்கா தலையாட்டினாள். மறுபடி திரைக்குத் திரும்பினாள். கடைசி வரிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே நெடுநேரம் இருந்தாள். பொடிசு தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் சமையலறைக்குள் போனார்கள்.

பிறகு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். கட்டுரையை இன்னொரு பிரதி எடுத்து, அடித்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். தூக்கம் போயிற்று, முதலிடம் போயிற்று, மேனேஜர் போனார். ஒவ்வொன்றும் போகும்போது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. 'எனக்குப் பதினாறு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள்' நீலமாக ஒருமுறை ஒளிர்ந்தது, அதுவும் போயிற்று. பொடிசு தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். போக வேண்டிய வரிதான். அதைத்தான் இரண்டரை மணி நேரமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து அக்கா மெயில் எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள்.

"இன்று மாலை என் பெயரில் வந்த கட்டுரை, திருத்தங்களோடு கூடிய என் கையெழுத்துப் படியின் நகல். என் கவனக்குறைவால் அது அனுப்பப்பட்டுவிட்டது. சரியான படியை இத்துடன் இணைத்திருக்கிறேன். கெடு முடிந்துவிட்டது என்பதை அறிவேன். ஆயினும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்."

"உன் கவனக்குறைவா? அடிச்சது நான்தானே?"

"தாள் என்னுது, எழுத்து என்னுது. 'ஒரு எழுத்து மாத்தாதே'ன்னு செவப்புல எழுதினது எந்தப் புத்திசாலி? எங்க வேலையில, நோட்டு யாருதோ தப்பும் அவங்களுதுதான்."

சொல்லிக்கொண்டே அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். யோசிக்கவில்லை, விரலை நீவிக்கொள்ளவில்லை, தலைவலி என்று சொல்லவில்லை. சட்டென்று அமுக்கிவிட்டுத் தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

சமையலறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அமுக்கிட்டாளா?"

"அமுக்கிட்டா போல. சும்மா இருங்க" என்றாள் அம்மா.

"காலைல ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குப் போன் போடுவேன்" என்றாள் அக்கா, தனக்குத்தானே சொல்கிற மாதிரி. "எடுக்கலைன்னா ஒன்பது அஞ்சுக்குப் போடுவேன். முடியாதுன்னா பேராசிரியைக்கே எழுதுவேன். என் அட்டைங்களை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவேன். கடைசி எடமாச்சே, லேசுல விட்டுக் கொடுத்துடுவேனா?"

அவள் இப்படிப் பேசிப் பொடிசு கேட்டதில்லை. இரண்டு வருடமாகப் போகட்டுமா, இருக்கட்டுமா என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தவள் இவள் அல்ல. அந்தக் கதவு திறக்கிறதோ இல்லையோ, அக்கா அதைத் தட்டாமல் விடப் போவதில்லை. திறந்துவிட்டால் இந்த மேசையில், இந்த நாற்காலியில், அடுத்த வருடம் இந்நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்ததும், இவ்வளவு நேரம் இருந்த பயம் எங்கேயோ போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"அவங்க ஒத்துக்குவாங்களாக்கா?"

"தெரியாது."

"ஒத்துக்கலைன்னா என்கூடப் பேச மாட்டியா?"

"அஞ்சு நாள் பேச மாட்டேன். ஆறாவது நாள் நீ ஏதாவது கேள்வி கேப்பே, எனக்கு வாய் சும்மா இருக்காது." அக்கா கையை நீட்டிப் பொடிசின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். பொடிசு வந்து நாற்காலியின் கைப்பிடியில் ஒண்டிக்கொண்டாள். பெயிண்ட் ஒட்டிய விரல்கள் அவள் தோளில் கிடந்தன.

திரை தானாக மங்கி அணைந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? திட்ட மாட்டேன்."

"கேளு."

"முதல் பக்கம் சரி. நான் எழுதி வெச்ச லட்சணத்துக்கு நீ அப்படித்தான் அடிப்பே, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கடைசி வரி, உன்னைப் பத்தினது. அதை அவங்க படிச்சா என்ன நினைப்பாங்கன்னு தெரியாத அளவுக்கு நீ மக்கு கெடையாது. படிச்சே. எந்திரிச்சுப் போயிருக்கே. பாரு, தாள்ல அந்த வரி மட்டும் ஈரக்கை பட்டு மை கலைஞ்சிருக்கு."

பொடிசு வாயைத் திறந்தாள். நீ சொன்னபடிதானே செய்தேன் என்று சொல்லலாம், அது உண்மை. உன் கட்டுரையில் நானும் ஒரு வரியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன் என்று சொன்னால், அதுவும் உண்மைதான். இரண்டையும் சொல்லிவிட்டாலும் அடியில் இன்னும் ஏதோ மீந்து நின்றது. அதைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

அக்கா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நெஜமா சொல்லுடி. அந்த நேரத்துல, நான் போகணும்னு அமுக்கினியா, போகக்கூடாதுன்னு அமுக்கினியா?"